ரா படங்களை ஜேபெக்காக மாற்றி பிரிண்ட் போடுவது: முழுமையான வழிகாட்டி

கேனனின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ, ஃபூஜியின் ஆர்ஏஎஃப் என்று எந்த ரா கோப்பை (கேமரா படமாக்காமல் அப்படியே சேமித்த கோப்பை) கொண்டுபோனாலும் பிரிண்ட் போடும் லேப்பில் வாங்க மாட்டார்கள். அவர்களுடைய இயந்திரத்துக்கு வேண்டியது ஜேபெக். சில இடங்களில் டிஃப் என்ற இன்னொரு கோப்பு வகையும் வாங்குவார்கள். அதனால் ராவில் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றித்தரும் மென்பொருள்களுக்கும் குறைவில்லை.

ஆனால் பொத்தானை அழுத்தி வந்த ஜேபெக்கை அப்படியே லேப்பில் கொடுத்தால், முகம் கறுத்து, பட்டுப்புடவையின் சரிகை காணாமல்போய், ஓரத்தில் நிற்பவரின் தோள் வெட்டுப்பட்டு வருவது வெகு சாதாரணம். பழி லேப்பின் மேல் விழுகிறது. உண்மையில், அந்தப் படம் எந்தக் காகிதத்தில் என்ன அளவில் வரப்போகிறது என்று மாற்றும்போதே யோசித்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்காது. ஆகவே இங்கே வேலையைப் பின்னாலிருந்து தொடங்குகிறேன். காகிதம், அளவு, லேப் மூன்றையும் முதலில் முடிவு செய்வோம். கோப்பைத் திறப்பது அப்புறம்.

உதாரணத்துக்கு 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களை எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை வேட்டி, சிவப்புப் பட்டு, தங்க நகை, பல நிறத்து முகங்கள், மண்டபத்து விளக்குகள் என்று பிரிண்டில் சிக்கல் தரக்கூடிய அத்தனையும் ஒரே படத்தில் இருக்கும். அது சரியாக வந்துவிட்டால் மற்றவை சுலபம்.

ரா கோப்புக்குள் என்ன இருக்கிறது

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயரின் பெயரில் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது: நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ரா கோப்பு என்பது இந்த அளவீடுகளின் தொகுப்பு. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் தீர்மானித்த பிறகுதான் அது படமாகிறது. கேமராவே ஜேபெக் தரும்போது இந்த முடிவுகளை அது எடுத்துவிடுகிறது. ராவில் எடுத்தால் அவை நம் கைக்கு வருகின்றன.

அந்த அளவீடுகள் நுட்பமானவை. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. 12 பிட் என்றால் 4,096. ஜேபெக்கில் வெறும் 256. இந்தக் குறைப்பு ஒரு முறைதான் நடக்க வேண்டும், அதுவும் எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு. ஜேபெக்காக மாற்றிவிட்டு அதன்மேல் வெளிச்சத்தைக் கூட்டினால் வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். முகத்தின் நிழல் பக்கம் திட்டுத்திட்டாகும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலான ரா கோப்புகளுக்குள் ஒரு ஜேபெக் முன்னோட்டமும் ஒளிந்திருக்கும். கேமராவின் பின்திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். 'ரா டு ஜேபெக்' என்று சொல்லிக்கொள்ளும் சில கருவிகள் ராவைத் தொடுவதே இல்லை. இந்த முன்னோட்டத்தை உருவிக் கொடுத்துவிடும். சில சோனி கேமராக்களின் ஏஆர்டபிள்யூ கோப்பில் அந்த முன்னோட்டம் 1616×1080 பிக்சல்தான். 4×6 பிரிண்டில் தெரியாது, 12×18 போட்டால் மங்கிப்போய்விடும். எந்தக் கருவியில் மாற்றினாலும், வந்த ஜேபெக்கின் பிக்சல் அளவு கேமராவின் முழு அளவோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். இணையத்தில் பதிவேற்றி மாற்றும் தளங்களைப் பிரிண்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தரம் நம் கையில் இல்லை. வீட்டுப் படங்களும் யார் யாருடைய சர்வருக்கோ போகின்றன.

லேப்பிடம் முதலில் கேட்க வேண்டியவை

ஒரு ஃபோன் போதும். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

எந்த நிற வெளி (கோப்பில் அடங்கும் நிறங்களின் எல்லை) வேண்டும்? பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்பார்கள். தெரியவில்லை என்றாலும் எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள். இது 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்தது. நோரிட்சு, ஃபூஜி ஃபிரான்டியர் போன்ற மினிலேப் இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் வழக்கமாக எதிர்பார்ப்பதும் இதைத்தான். அடோபி ஆர்ஜிபி பெரியது, அதனால் நல்லது என்று நினைத்து அதில் கொடுத்தால், கோப்பில் எந்த நிற வெளி என்று சொல்லும் குறிப்பை, அதாவது புரொஃபைலை, கவனிக்காத இயந்திரத்தில் எல்லா நிறமும் சோகை பிடித்தாற்போல் வரும்.

எத்தனை டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்? பொதுவாக 300.

நீங்களாக கரெக்‌ஷன் செய்வீர்களா? இதுதான் முக்கியமான கேள்வி. பல லேப்களில் ஆபரேட்டரோ மென்பொருளோ ஒவ்வொரு படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாக மாற்றும். திருத்தாத படங்களுக்கு அது உதவிதான். நீங்கள் பார்த்துப் பார்த்துத் திருத்திய படங்களில் அது நுழைந்தால் உங்கள் உழைப்பு வீண். 'கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள்' என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

என்ன காகிதம்? கிளாசியில் கறுப்பு ஆழமாக வரும், நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கைரேகை படியும், வெளிச்சம் பட்டால் கண்ணைக் கூசும். மேட்டில் கறுப்பு சற்று வெளுத்திருக்கும், கூர்மையும் கொஞ்சம் குறையும். கையில் எடுத்துப் புரட்டும் ஆல்பத்துக்கும் கண்ணாடி போடாத சுவர்ப் படத்துக்கும் மேட் என் தேர்வு.

லேப் தன் காகிதத்தில் நிறங்கள் எப்படி வரும் என்று விவரிக்கும் ஐசிசி புரொஃபைல் கோப்பைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே ஒத்திகை பார்க்க உதவும். அவர்களாகக் கேட்டாலொழிய கோப்பையே அந்த புரொஃபைலுக்கு மாற்றிவிடாதீர்கள். சிஎம்ஒய்கே என்ற நான்கு மை நிற முறையும் வேண்டாம். அது பத்திரிகை, புத்தகம் அச்சடிக்கும் ஆஃப்செட் வேலைக்கு உரியது.

அளவும் பிக்சலும்

கணக்கு எளிது: அங்குலத்தை 300-ஆல் பெருக்குங்கள். 4×6-க்கு 1200×1800 பிக்சல். 5×7-க்கு 1500×2100. 8×10-க்கு 2400×3000. 8×12-க்கு 2400×3600. 12×18-க்கு 3600×5400.

24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000×4000. ஆக 12×18 வரைக்கும் 300 டிபிஐ தாராளமாகக் கிடைக்கும். 16×24 போட்டால் 250 ஆகும், 20×30 போட்டால் 200. பயப்பட வேண்டாம். 300 என்பது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கு. சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150-கூடப் போதும். எனவே 20×30-க்கு என்று மென்பொருளில் பிக்சலைச் செயற்கையாகப் பெருக்காதீர்கள். இருக்கும் 6000 பிக்சலையும் அப்படியே கொடுங்கள்.

படத்தை நிறைய வெட்டியிருந்தால் மட்டும் உஷாராக இருங்கள். கூட்டத்திலிருந்து பாட்டியின் முகத்தை மட்டும் 1500×1000 அளவுக்கு வெட்டி எடுத்து 12×18 கேட்டால் 83 டிபிஐதான் மிஞ்சும். அதை 5×7 ஆகப் போட்டு நல்ல ஃபிரேமில் வைப்பது மேல்.

கோப்பின் பண்புகளில் '72 டிபிஐ' என்று காட்டுகிறதே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அது கோப்பின்மேல் ஒட்டிய குறிப்பு மட்டுமே. 5400×3600 பிக்சல் இருந்தால், குறிப்பில் 72 இருந்தாலும் 300 இருந்தாலும் 12×18-இல் ஒரே தரம்தான் வரும்.

திரையைச் சரிசெய்யாமல் எதையும் தொடாதீர்கள்

'திரையில் நன்றாக இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது.' ஸ்டூடியோக்காரர்கள் அதிகம் கேட்கும் புகார் இதுவாகத்தான் இருக்கும். காரணம் திரையின் வெளிச்சம். திரை தானே ஒளிர்வது. காகிதம் அறையின் வெளிச்சத்தை வாங்கித்தான் தெரிகிறது. பிரிண்டுக்குத் திருத்துபவர்கள் திரையைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைப்பார்கள். முழு வெளிச்சத்தில் வைத்த லேப்டாப் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஒளிரும். அந்தத் திரையில் முகம் பிரகாசமாகத் தெரிவதால், இருட்டான படத்தையே சரி என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்யும் காலிப்ரேட்டர் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாதவர்களுக்கு ஒரு வழி. அறையில் வழக்கமான வெளிச்சம் இருக்கட்டும், வெயில் நேராகத் திரையில் விழக் கூடாது. வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் திரை மங்கலாகப் படும். சிறிது நேரத்தில் கண் பழகிவிடும். இரவு நேர மஞ்சள் ஒளி, தானாக மாறும் வெளிச்சம், 'விவிட்' போன்ற நிற அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

எந்த மென்பொருள்

கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப் மூன்றும் இலவசம். கேமராவில் பார்த்த அதே நிறம் வரும் என்பது இவற்றின் பலம். நாலைந்து படம் போட இதுவே போதும். லைட்ரூமுக்குச் சந்தா கட்டுபவர்களுக்கு அதிலேயே எல்லாம் இருக்கிறது.

நான் இங்கே ராதெரபியை வைத்துச் சொல்கிறேன். புடாபெஸ்ட்டைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் தொடங்கிய மென்பொருள் இது. 2010 முதல் திறந்த மூல மென்பொருளாக இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிரிண்ட் வேலைக்கு இதை எனக்குப் பிடிக்க ஒரு காரணம் உண்டு: படத்தைப் பிரிண்ட் அளவுக்குச் சுருக்கிய பிறகு, அந்த அளவில் கூர்மையேற்றும் வசதி இதில் தனியாக இருக்கிறது. டார்க்டேபிள் என்ற இதே போன்ற மென்பொருளைப் பழகியவர்கள் அதிலேயே செய்யலாம். பெயர்கள் மாறும், வரிசை மாறாது.

மெமரி கார்டிலிருந்து நேராகத் திறக்காதீர்கள். கணினிக்கு நகலெடுத்து, இன்னொரு டிரைவிலும் ஒரு நகல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

திருத்தம்: வெள்ளை, முகம், புடவை

ராதெரபி ஒரு ரா கோப்பைத் திறந்ததும், உள்ளே இருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு டோன் வளைவை (படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் ஏற்றி இறக்கும் கோட்டை) தானே போட்டுக்கொள்ளும். ஆகவே தொடக்கப் புள்ளி கேமராவில் பார்த்ததை ஒத்திருக்கும். அங்கிருந்து தொடங்குவோம்.

*ஒயிட் பேலன்ஸ்.* விளக்கின் நிறச் சாயலை நீக்கி வெள்ளையை வெள்ளையாக்கும் அமைப்பு இது. கலர் தாவலில் இருக்கிறது. துளிசொட்டிக் கருவியை எடுத்து, நிறமற்ற சாம்பல் அல்லது வெள்ளைப் பொருளைத் தொட்டால் படம் முழுவதும் சரியாகும். கல்யாணப் படத்தில் எல்லோரும் கை வைப்பது மாப்பிள்ளையின் வேட்டியில். அங்கேதான் ஒரு பொறி. நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போடுவது வழக்கம். புது வேட்டிக்கும் வெண்மையூட்டிகள் சேர்த்திருப்பார்கள். அந்த நீலச் சாயலை 'இதுதான் வெள்ளை' என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால், அது நீலத்தைக் குறைப்பதாக நினைத்துப் படம் முழுவதையும் மஞ்சளாக்கும். முகமெல்லாம் காமாலை வந்தாற்போல் ஆகிவிடும். நீலம் போடாத சுவர், வெள்ளைக் காகிதம், சாம்பல் நிற மைக் ஸ்டாண்டு போன்றவற்றைத் தொட்டுப் பாருங்கள். அடுத்த முறை எடுக்கும்போது, விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்த வேலை நொடியில் முடியும்.

மேடையில் வீடியோ விளக்கு ஒரு நிறம், பின்னால் அலங்கார எல்இடி வேறு நிறம் என்று இருந்தால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. முகத்தைச் சரிசெய்யுங்கள், பின்னணி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். படத்தை எடுத்துப் பார்ப்பவர் முதலில் தேடுவது முகங்களைத்தான்.

*வெளிச்சம்.* எக்ஸ்போஷர் தாவலில் 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' ஸ்லைடரை நகர்த்தும்போது படத்தை மட்டும் பார்க்காமல் எண்களையும் பாருங்கள். மவுஸை எங்கே வைத்தாலும் இடப்பக்க நேவிகேட்டருக்குக் கீழே அந்தப் புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் தெரியும். அதை 0–255 அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கண் ஏமாறும், எண் ஏமாறாது.

மாநிறக் கன்னத்தில் வெளிச்சம் படும் பக்கத்தில் சிவப்பு மதிப்பு 160 முதல் 190 வரை இருந்தால் காகிதத்தில் முகம் தெளிவாக வரும் என்பது என் அளவுகோல். கறுத்த நிறத்தவருக்கு 120 முதல் 150. இது அவர்களை வெளுப்பாக்கும் வேலை இல்லை. நிழல் பக்கத்தில் மூக்கும் தாடையும் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. திரையில் அழகாகத் தெரியும் ஆழ்ந்த நிழல்கள், 15-க்குக் கீழே இருந்தால், காகிதத்தில் பெரும்பாலும் ஒரே கறுப்பாகச் சேர்ந்துவிடும். கறுப்புத் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் அப்படித்தான் ஒட்டிப்போகின்றன. ஷேடோஸை, அதாவது நிழல் பகுதியின் வெளிச்சத்தை, கொஞ்சம் தூக்கிவிடுங்கள். தோலின் நிறம் சரியா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு: எந்த நிறத்து முகமானாலும் சிவப்பு அதிகம், நீலம் குறைவு, பச்சை இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். பச்சை சிவப்பை நெருங்கினால் முகம் மஞ்சளாகிவிட்டது. நீலம் பச்சையைத் தாண்டினால் முகத்தில் ஊதா ஏறிவிட்டது.

*வெள்ளை.* காகிதத்தில் 255 என்றால் அங்கே சாயமே இல்லை, வெறும் தாள். வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டுமானால் அதன் பளிச்சென்ற பகுதி 245-ஐத் தாண்டக் கூடாது. மேலே உள்ள எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினால் வெளுத்துப்போன இடங்கள் கறுப்பாகக் காட்டப்படும். 'ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதை இயக்கி, 'ஹைலைட் கம்ப்ரஷன்' ஸ்லைடரை மெல்ல ஏற்றுங்கள். ராவில் எடுத்ததன் பலன் இங்கேதான் கண்கூடாகத் தெரியும். கேமராவின் ஜேபெக்கில் வெறும் வெள்ளையாக இருந்த துண்டின் கரை திரும்பி வரும். மூன்று நிறமும் சென்சாரிலேயே நிரம்பி வழிந்திருந்தால் மட்டும் எதுவும் திரும்பாது. தங்க நகையில் ஊசிமுனை போன்ற ஒளிப் புள்ளிகள் வெளுத்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் தங்கம் பித்தளையாகத் தெரியும்.

*பட்டுப்புடவை.* அரக்கு, ராணி பிங்க், மயில்கழுத்து நிறங்கள் சென்சாருக்குத் தெரியும், ஆனால் எஸ்ஆர்ஜிபிக்குள் முழுவதும் அடங்காது. அடங்காத நிறத்தை மாற்றும்போது என்ன ஆகிறது என்றால், சிவப்பு 255-இல் போய் முட்டி நின்றுவிடும். பட்டின் பளபளப்பும் மடிப்பும் உடலில் ஓடும் புட்டாவும் அந்தச் சிவப்பின் ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கின்றன. எல்லாம் 255 ஆகிவிட்டால் புடவை ஒரே சிவப்புத் தீற்றலாகிவிடும். நெய்தவரின் வேலை முழுக்கப் போய்விடும்.

மருந்து: படம் முழுவதன் சாச்சுரேஷனையும் (நிறத்தின் அடர்த்தியையும்) குறைக்காதீர்கள், முகம் வெளிறிவிடும். கலர் தாவலில் 'எச்எஸ்வி ஈக்வலைசர்' இருக்கிறது. அதில் சாச்சுரேஷன் வளைவில் அந்தச் சிவப்பை மட்டும் பிடித்து இறக்குங்கள். தேவைப்பட்டால் வெளிச்சத்துக்கான வேல்யூ வளைவிலும் சற்று இறக்குங்கள். புடவையின் மேல் மவுஸை வைத்துச் சிவப்பு 240-க்குக் கீழே வந்துவிட்டதா என்று பாருங்கள். திரையில் நிறம் கொஞ்சம் குறைந்ததுபோல் படும். காகிதத்தில் மடிப்பும் சரிகையும் தெரியும்போது புடவை முன்பைவிடச் செழிப்பாகவே இருக்கும். லேப்பின் ஐசிசி புரொஃபைல் கையில் இருந்தால், அமைப்புகளில் அதைப் பிரிண்டர் புரொஃபைலாகக் கொடுத்து, முன்னோட்டத்துக்குக் கீழே உள்ள சாஃப்ட் புரூஃபிங்கை, அதாவது பிரிண்ட் ஒத்திகையை, இயக்கிப் பாருங்கள். கேமட் எச்சரிக்கையையும் சேர்த்து இயக்கினால் காகிதத்தில் வராத நிறங்கள் தனித்துக் காட்டப்படும்.

*இரைச்சல்.* குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள் இவை. டீடெய்ல் தாவலில் நாய்ஸ் ரிடக்‌ஷன். 100 சதவீதத்தில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். நிறப் புள்ளிகளைத் தாராளமாகக் குறைக்கலாம். வெளிச்சப் புள்ளிகளை அதிகம் குறைத்தால் முகம் மெழுகுபோல் ஆகிவிடும். ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்த படத்தில் திரையில் பயமுறுத்தும் மணல் 4×6-இல் கண்ணுக்கே தெரியாது, 8×12-இலும் பெரிதாகத் தெரியாது. கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கிராப்

பெரும்பாலான கேமராக்களின் படம் 3:2. அதனால் 4×6, 8×12, 12×18, 16×24, 20×30 எல்லாம் எதையும் வெட்டாமல் வரும். 5×7-க்கும் 8×10-க்கும் அந்த விகிதம் பொருந்தாது. 6000×4000 படத்தை 8×10 ஆக்கினால் 5000×4000-தான் மிஞ்சும். ஆறில் ஒரு பங்கு பக்கவாட்டில் போகிறது. பதினைந்து பேர் நிற்கும் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவும் அத்தையும் அந்த ஆறில் ஒரு பங்கில்தான் இருப்பார்கள். எதை வெட்டுவது என்பதை லேப் இயந்திரத்தின் முடிவுக்கு விடாமல், 'டிரான்ஸ்ஃபார்ம்' தாவலில் விகிதத்தைப் பூட்டி நீங்களே வெட்டுங்கள். சாய்வு இருந்தால் கிராப்புக்கு முன்பே நிமிர்த்திவிடுங்கள்.

ஓரமில்லாமல் போடும் பிரிண்டில் இயந்திரம் நான்கு பக்கமும் சில மில்லிமீட்டரைத் தின்னும். 3 மில்லிமீட்டர் என்றால் 300 டிபிஐயில் ஏறக்குறைய 35 பிக்சல். கால் விரல், கோலத்தின் விளிம்பு, கோபுரக் கலசம் எதுவும் ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டாம்.

ரீசைஸும் ஷார்ப்பனும்

அதே தாவலில் ரீசைஸை இயக்குங்கள். வெட்டிய பகுதிக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, லேப் கேட்ட அளவுக்கான பிக்சலைக் கொடுங்கள். 6000 பிக்சல் படத்தை 4×6-க்கு அப்படியே கொடுத்தால் இயந்திரமே சுருக்கிக்கொள்ளும், தப்பில்லை. ஆனால் அது சுருக்கும் விதத்தில் சரிகைக் கட்டங்களும் மெல்லிய கோடுகளும் சில சமயம் பல்பல்லாகத் தெரியும். நாமே 1800×1200-க்குச் சுருக்கினால் அந்தக் கவலை இல்லை.

அதன்கீழே 'போஸ்ட்-ரீசைஸ் ஷார்ப்பனிங்' இருக்கிறது. காகிதத்தில் சாயம் சற்றுப் பரவுவதால் திரையில் சரியாகத் தெரியும் கூர்மை பிரிண்டில் குறைந்துவிடும். ஆகவே திரையில் ஒரு மயிரிழை கூடுதல் என்று தோன்றும் அளவுக்கு ஏற்றுங்கள். மேட் காகிதத்துக்கு இன்னும் கொஞ்சம். தலைமுடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் அதிகமாகிவிட்டது. இந்தக் கூர்மை முன்னோட்டத்தில் தெரியாது, ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதி

கலர் தாவலின் கலர் மேனேஜ்மென்டில் அவுட்புட் புரொஃபைல் எஸ்ஆர்ஜிபியாக இருக்கிறதா என்று பாருங்கள். ராதெரபியில் அது 'ஆர்டிவி4 எஸ்ஆர்ஜிபி' என்ற பெயரில் இருக்கும். புரொஃபைல் கோப்புக்குள்ளேயே பதிந்து போகும்.

ஒரு படம் என்றால் கன்ட்ரோல்-எஸ். நிறையப் படங்கள் என்றால் ஒவ்வொன்றையும் கன்ட்ரோல்-பி (B) அழுத்தி வரிசையில் சேர்த்துவிட்டு மொத்தமாக ஓடவிடுங்கள். ஜேபெக் தரம் 92 முதல் 95 போதும். 100 வைத்தால் கோப்பு வீங்கும், பிரிண்டில் வித்தியாசம் தெரியாது.

அதற்குப் பக்கத்தில் 'சப்சாம்ப்ளிங்' என்று ஒன்று உண்டு. பலர் கண்டுகொள்வதில்லை. இதில் 'பெஸ்ட் குவாலிட்டி' தேர்ந்தெடுங்கள். 'பெஸ்ட் கம்ப்ரஷன்' வைத்தால் ஜேபெக், வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிவிடும். இயற்கைக் காட்சிகளில் தெரியாது. சிவப்புப் புடவையின் பச்சைக் கரை, நெற்றிக் குங்குமம், மாலையின் இதழ் விளிம்பு போன்ற இடங்களில் நிறம் கசிந்ததுபோல் தெரியும்.

டிஃப் எப்போது? இங்க்ஜெட்டில் கலைப் பிரிண்ட் போடும் லேப் கேட்டால், அல்லது ஆல்பம் வடிவமைப்பவர் ஃபோட்டோஷாப்பில் மேலும் வேலை செய்யப்போகிறார் என்றால் 16 பிட் டிஃப் கொடுங்கள். சுருக்காத 24 மெகாபிக்சல் படம் ஒன்று 144 எம்பி வரும். மற்றபடி ஜேபெக்கே போதும். பிஎன்ஜி, வெப்பி, ஹெய்க் எல்லாம் பிரிண்ட் வேலைக்குத் தேவையில்லை.

வந்த கோப்பை 100 சதவீதத்தில் திறந்து கண்கள், தலைமுடி, சரிகை மூன்றையும் பாருங்கள். பிக்சல் அளவைச் சரிபாருங்கள். அப்புறம் அளவு வாரியாக ஃபோல்டர் போட்டு, ஃபோல்டர் பெயரிலேயே அளவையும் நகல் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். லேப்பின் பழைய மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். பென் டிரைவில் கொடுப்பது நல்லது. வாட்ஸாப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி, மறுபடியும் அழுத்தப்பட்டு, இத்தனை நேரம் செய்த வேலையெல்லாம் போய்விடும்.

சோதனை பிரிண்ட்

ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். மூன்று படங்களைத் தேர்ந்தெடுங்கள்: முகம் பெரிதாக உள்ள ஒன்று, பட்டுப்புடவை நிறைந்த ஒன்று, இருட்டான மண்டபத்தில் எடுத்த ஒன்று. ஒவ்வொன்றையும் இருந்தபடி ஒரு பிரதி, எக்ஸ்போஷரை 0.3 கூட்டி ஒரு பிரதி என்று 4×6-இல் போட்டு வாங்குங்கள். செலவு பெரிதாக ஆகாது. பகலில் ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் மாட்டப்போகும் சுவரில், அங்கே இரவில் எரியும் விளக்கிலும் பாருங்கள்.

மூன்றுமே திரையைவிட இருட்டாக இருந்தால் படத்தில் கோளாறு இல்லை, உங்கள் திரை இன்னும் வெளிச்சமாக இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டு, எல்லாப் படங்களுக்கும் எக்ஸ்போஷரை ஒரே அளவு கூட்டிக்கொள்ளுங்கள். ராதெரபியில் ஒரு படத்தின் அமைப்புகளில் வேண்டியதை மட்டும் நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டலாம். எல்லாவற்றிலும் ஒரே நிறச் சாயல் இருந்தால் லேப்பில் கரெக்‌ஷன் ஓடியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் சாயல் இருந்தால் அந்தப் படத்தின் ஒயிட் பேலன்ஸைப் பாருங்கள்.

பிரிண்ட் திருப்தியாக வந்த பிறகு ஜேபெக் கோப்புகளை அழித்தாலும் பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ரா கோப்பையும், அதே பெயரில் பக்கத்தில் இருக்கும் பிபி3 கோப்பையும் அழிக்காதீர்கள். நீங்கள் செய்த அத்தனை திருத்தங்களும் அந்தச் சிறிய பிபி3 கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த வருஷம் யாராவது அதே படத்தை 16×24 கேட்டால் கிராப்பையும் ரீசைஸையும் மட்டும் மாற்றினால் போதும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். ரா கோப்பின் பெயரை மாற்றினால் பிபி3-இன் பெயரையும் அதே மாதிரி மாற்றுங்கள், இல்லாவிட்டால் மென்பொருளுக்கு அது எந்தப் படத்துடையது என்று தெரியாது.